மௌஷுமி பாலின் அட்டை

என் கைப்பையின் உள்ளறையில் ஓர் அடையாள அட்டை கிடக்கிறது. நீல நாடா, பிளாஸ்டிக் உறை, எங்கள் ஊரின் சால்ட் லேக் பகுதியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சின்னம். படத்தில் இருப்பவள் என் மகள். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். கீழே அச்சிட்டிருக்கும் பெயர் மௌஷுமி பால், சீனியர் இன்ஜினியர். என் மகளின் பெயர் அதுவல்ல. அவள் இன்ஜினியரும் அல்ல. மூன்றாம் ஆண்டு முடித்த மாணவி. அட்டையைத் திருப்பிக் கேட்டு நேற்றும் அழைத்தார்கள்.

கடைசி ஆண்டுக்குப் போகுமுன் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பது அவள் கல்லூரியின் விதி. சான்றிதழ் இல்லையென்றால் வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களின் நேர்காணலில் உட்கார முடியாது. அதனால்தான் அந்தக் கோடை முழுவதும் டாக்குரியாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போனாள். வேலையும் அவளுக்குப் பிடித்திருந்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று நர்ஸுகளுக்குத் திரையில் காட்டும் மென்பொருள் அது. கற்பனை நோயாளிகளை உள்ளே ஏற்றி, எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. எங்கள் கட்டடத்து ஆட்களையெல்லாம் நோயாளிகளாக்கிவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் சொல்வாள். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் மேல்மாடி வங்காளி அம்மாளுக்கு மூட்டுவலி, எனக்குச் சர்க்கரை, அவள் அப்பாவுக்கு ஞாபக மறதி. எங்கள் கட்டடத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் உண்டு. கூரியர்காரர்கள் ஒருவரின் பார்சலை மற்றவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வாடிக்கை. அந்த இருவரையும் ஏற்றிப் பார்த்தபோதுதான் தவறு பிடிபட்டது. பெயர் ஒன்றாக இருந்தால் ஒருவரின் மருந்து மற்றவரின் பக்கத்தில் வந்து நின்றது. ஓடிப்போய் மேலாளரிடம் காட்டியிருக்கிறாள். "வெரி குட். கிளையன்ட் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம்.

கிளையன்ட் என்பது அந்த மென்பொருளை வாங்க வெளிநாட்டிலிருந்து வரவிருந்த குழு. ஒரு தளம் நிறைய மூத்த பொறியாளர்கள் இங்கே இருப்பதாக அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் பாதி நாற்காலிகள் காலி. வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களில் புது அட்டைகள் அடித்து, பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் படங்களை ஒட்டி, கழுத்தில் மாட்டி அங்கே உட்கார வைத்தார்கள். "நீ பேசற பெங்காலியக் கேட்டா மெட்ராஸ் பொண்ணுன்னு யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க" என்று மேலாளர் அவளைப் பாராட்டவும் செய்திருக்கிறார்.

கிளையன்ட் வருவதற்கு முதல் நாள் மாலை அட்டையோடு வீட்டுக்கு வந்தாள். "அஞ்சு வருஷ அனுபவமாம்மா எனக்கு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் டென்த்" என்றாள். "எனக்கு துறைமுகத்துல சீனியர் ஆக இருபது வருஷம் ஆச்சு. நீ ஒரே நாள்ல ஆயிட்டியே" என்று அவள் அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஏதாவது கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டார்கள். வந்த குழுவில் ஒரு பெண்மணி, பல காலம் நர்ஸாக இருந்தவராம், என் மகளின் நாற்காலி அருகே நின்று அட்டையைப் படித்தார். "மௌஷுமி, நீங்கள் சோதித்தீர்களா? என் நர்ஸுகள் இதை நம்பலாமா?" என்றார். பின்னால் நின்ற மேலாளர் கண்ணால் ஜாடை காட்டினார். என் மகள் எழுந்து நின்று, தான் மௌஷுமி இல்லை, மாணவி என்றாள். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் வந்தால் மருந்து மாறுகிறது என்றும் சொன்னாள். அன்று மதியமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கீழே வாசலில் அட்டையை வாங்கிக்கொள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சான்றிதழ் கிடையாது என்று மறுநாள் செய்தி வந்தது.

மேலாளருக்கு நானே போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "ஆன்ட்டி, உங்க பொண்ணுக்கு டீம் ஸ்பிரிட் இல்ல. எல்லா கம்பெனியிலயும் நடக்கறதுதான் இது. அந்தத் தப்ப அப்புறம் சரி பண்ணியிருப்போம்."

"யாரு சரி பண்ணுவா? மௌஷுமியா?" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் யாரோ ஒருவருக்காக என் பெண் பேசினாள். அதற்குத் தண்டனை அவளுக்கு. ஜாடை காட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லூரியில் போய்ச் சொன்னோம். அந்த நிறுவனம் வருடா வருடம் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறது, அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று துறைத்தலைவர் கையை விரித்தார். இப்போது அவள் வகுப்புப் பிள்ளைகள் நேர்காணலுக்குச் சட்டை இஸ்திரி போடுகிறார்கள். இவள் வேறு நிறுவனங்களுக்குப் பயிற்சி கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். "நான் சும்மா இருந்திருக்கணுமா?" என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம்.

போன வாரம் அட்டையைக் கொடுத்துவிட்டு, சான்றிதழை நேரில் கேட்டுவிடுவோம் என்று நானே சால்ட் லேக் போனேன். வரவேற்பறையில் உட்காரச் சொன்னார்கள். யாரோ முக்கியமானவர்கள் வரப்போகும் பரபரப்பு; பூச்சாடிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். கழுத்தில் அதே நீல நாடா. படத்தில் அவள் முகம். கீழே மௌஷுமி பால், சீனியர் இன்ஜினியர்.

"உன் பேர் என்னம்மா?" என்று பெங்காலியில் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்து, தொங்கிய அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, "மௌஷுமி" என்றாள்.

கொடுப்பதற்காக வெளியே எடுத்து மடியில் வைத்திருந்த அட்டையை மறுபடி பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். எவரையும் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன். நேற்று அழைத்தவர், அது கம்பெனியின் சொத்து என்றார். இருக்கலாம். ஆனால் அதில் இருப்பது என் மகளின் முகம். அதை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.