லேப்டாப்பில் வராத குரல்

என் மாமாவுக்கு லேப்டாப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். கண்ணால் பார்த்த சாட்சி என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

அப்போது எனக்கு ஏழு வயது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை மாமாவின் பட்டன் போனில் குரல் மட்டும் வந்து போகும். முகத்தையும் பார்க்கலாம் என்று, அம்மாவின் தம்பியான அந்த மாமா ஹட்டன் டவுனில் ஒரு லேப்டாப் வாங்கி வந்தார். வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்ததைப் பழுது பார்த்து விற்கிற கடை. சரியில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வந்த அன்றே மாமா சத்தத்தைச் சோதித்தார். பாட்டைப் போட்டு இடது பக்கம் ஒரு காதும் வலது பக்கம் ஒரு காதுமாக வைத்துக் கேட்டார். இயர்போனைச் சொருகிக் கேட்டார். "ஹலோ, ஹலோ" என்று தன் குரலைப் பதிந்து கேட்டு, தானே திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடு, நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. ஆகவே ஆறு வீடும் சேர்ந்துதான் அந்தச் சோதனையை நடத்தியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா திரையில் வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து இரண்டு தடவை வாயை அசைத்தாள். சத்தமே வரவில்லை. பிறகு குனிந்து மடியில் எதையோ தேடினாள், நெற்றி மட்டும் தெரிந்தது.

மாமாவின் போன் சிணுங்கியது. பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். "ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு" என்று லேப்டாப்பை ஒருக்களித்து, அடியில் இருந்த ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

"பாட்டு நல்லா கேட்டுச்சே மாமா."

"பாட்டுக்கு ஒரு வழி, ஆளு பேச வேற வழி. நீ சும்மா இரு."

"பனி எறங்கியிருக்கும், அடுப்புக்கிட்ட வச்சுப் பாருங்க" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யோசனை சொன்னார். மாமா அதையும் செய்தார். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கே கடையில குடுத்துட்டு வா. ஒரு சாமான் பாத்து வாங்கத் தெரியல ஒனக்கு."

மாமா வாயைத் திறக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. லேப்டாப் போனால் அம்மாவின் முகமும் கூடவே போய்விடும்.

போன் இன்னொரு தடவை சிணுங்கியது. மாமா அவசரம் இல்லாமல் ஆணிகளை முடுக்கி, லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தார்.

"பாப்பா, சாப்டியா?"

வீடு நிறைய அம்மாவின் குரல். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பல் விழுந்தது, நாய் குட்டி போட்டது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். லேப்டாப் எங்கள் வீட்டிலேயே தங்கியது.

அம்மா ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்குப் பதினொரு வயது. மாமா கழற்றி மாட்டிய கதையை அவளிடமும் சொல்லிச் சிரித்தேன். போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்.

"லேப்டாப்பு நல்லாத்தான் இருந்துச்சு புள்ள. ஒன் மூஞ்சியப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு. ஆறு வீட்டுக்கும் கேக்குமேன்னு மைக்க மூடிட்டேன். கொஞ்ச நேரம் எதையாச்சும் கழட்டிக்கிட்டு இருன்னு தம்பிக்கு மெசேஜ் போட்டேன்."

அப்பாவிடம் அத்தனை ஏச்சு வாங்கியும் மாமா பேசாமல் இருந்தது, பிழை தன் மேல் என்பதால்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.