கிரனாடாவில் ராகு காலம்

போன அக்டோபரில் நானும் என் மனைவி வசந்தாவும் ஸ்பெயின் போய்வந்தோம். ஒன்பது இரவு, பத்துப் பகல், ஆளுக்கு இரண்டே முக்கால் லட்சம். அதில் கிரனாடா நகரத்தைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருந்தார்கள். ஒருவர் என் மச்சினன். அவர் எதையும் படிக்க மாட்டார். ஆகவே மற்ற இருவருக்காக எழுதுகிறேன். நேரம், தூரம், கட்டணம் எல்லாம் சரியாக இருக்கும். சந்தோஷம் மட்டும் இருக்காது.

வசந்தா தி. நகரில் ஒரு பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு வடிவத்தைத் திருப்பித் திருப்பி வைத்து ஒரு சுவரை நிரப்பப் பதினேழு முறைகள்தான் உண்டாம், பதினெட்டாவது கிடையாதாம். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில், பழைய முஸ்லிம் ராஜாக்கள் பதித்த டைல்ஸில் அந்தப் பதினேழும் இருக்கின்றன என்று ஒரு கட்சி, இல்லை என்று இன்னொரு கட்சி. வசந்தா தானே போய் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றாள். கல்யாணமான புதிதில் நெக்லஸ் கேட்டுவிடுவாளோ என்று பயந்தவன் நான். முப்பது வருடத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான். அதையும் நான் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே ஓட்டிவிட்டேன்.

போன வருடம் அவளுக்கு விழித்திரையில் கோளாறு என்று தெரிந்தது. அடையாறு கண் டாக்டர் நிறைய படம் காட்டி விளக்கிவிட்டு, கடைசியில், "பாக்கணும்னு நினைக்கிறதையெல்லாம் சீக்கிரம் பாத்துடுங்கம்மா" என்றார். அன்று சாயங்காலமே பனகல் பூங்கா பக்கத்தில் ஒரு டூர் கம்பெனியில் பெயர் கொடுத்தோம். கூடவே சமையல்காரர் வருவார், மூன்று வேளையும் நம்ம சாப்பாடு என்று போட்டிருந்தது. மயிலாப்பூர்க்காரனைக் கண்டம் தாண்டவைக்க வேறு வழி கிடையாது.

மொத்தம் இருபத்தாறு பேர். கோர்டோபாவிலிருந்து கிரனாடா இருநூறு கிலோமீட்டர், பேருந்தில் இரண்டே முக்கால் மணி. வியாழக்கிழமை மதியம் சேர்ந்தோம். முதலில் பேராலயம், நுழைவு ஏழு யூரோ. ஒட்டினாற்போல அரச தேவாலயம், அதற்கு வேறு ஏழு யூரோ. முஸ்லிம் ராஜாக்களிடமிருந்து ஊரைப் பிடித்த ராணியும் ராஜாவும் மேலே பளிங்கில் படுத்திருக்கிறார்கள். படி இறங்கினால் கீழே சாதாரண ஈயப் பெட்டிகள். அங்கே படம் எடுக்கக் கூடாது. எங்கள் குழுவில் பதினோரு பேர் எடுத்தார்கள்.

சாயங்காலம் C31 என்ற குட்டிப் பேருந்தில் சான் நிக்கோலாஸ் மேட்டுக்குப் போனோம். ஆளுக்கு ஒன்று அறுபது யூரோ. அங்கிருந்து எதிர் மலையில் அல்ஹம்ப்ரா முழுதாகத் தெரியும். எல்லோரும் "அடடா" என்றார்கள். வசந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "செவப்பா ஒரு பெட்டி தெரியுது. போதும். நாளைக்குக் கிட்டப் போய் பாத்துக்கறேன்" என்றாள்.

அடுத்த நாள் வெள்ளி. அல்ஹம்ப்ராவில் அந்த டைல்ஸ் இருக்கும் உள் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் நேரம் போட்டிருப்பார்கள். எங்களுக்குப் பதினொன்றரை. அரை மணி வரை பொறுப்பார்கள், அதற்கு மேல் கதவு திறக்காது. வண்டி பத்தரைக்குக் கிளம்ப வேண்டும். வசந்தா பத்து மணிக்கே கட்ட நோட்டும் இரண்டு பென்சிலுமாகப் பேருந்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓட்டல் வரவேற்பறையில் இருந்தேன். பக்கத்தில் நங்கநல்லூர் அனந்து சார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அக்டோபர் வெயிலில் மங்கி குல்லா. எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன சார், வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வண்டி எடுக்கறான். இன்னிக்கு ராகுதான் டிரைவரா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "நன்னா ஞாபகப்படுத்தினேள்! பத்தரை பன்னண்டு. எல்லாரும் உக்காருங்கோ, யாரும் படி இறங்கப்படாது."

டூர் மேனேஜர் கார்த்திக் ஓடிவந்தான். "சார், டைம் போட்ட டிக்கெட் சார். விட்டா உள்ள விடமாட்டாங்க."

"நாமெல்லாம் வெளிதேசத்துக்காரா. எடுத்துச் சொன்னா விடுவா."

சமையல்காரர் செல்வம் சைதாப்பேட்டை. புளியோதரைத் தூக்கோடு வாசலில் நின்றவர் என்னைத்தான் பார்த்தார். "இன்னா சார் நீ? கம்முனு கெளம்பிக்கினு இருந்த ஜனத்த உக்கார வெச்சிட்டியே!"

நான் அப்போதே சொல்லியிருக்கலாம், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று. சொல்லவில்லை. இரண்டு மாமிகள் எனக்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் முறுக்கு கொடுத்தார். தின்றேன்.

பதினோரு மணிக்குப் பேருந்தில் எட்டிப் பார்த்தேன். "ஏங்க, யாரையும் காணோம்?" என்றாள் வசந்தா.

"பாத்ரூம் போயிருக்காங்க."

"இருபத்துநாலு பேருமா?"

கார்த்திக் என்னைத் தனியாக இழுத்து, "சார், நீங்க மேடத்தைக் கூட்டிக்கிட்டு டாக்சில போயிடுங்க. பன்னெண்டு யூரோ, பத்தே நிமிஷம். உங்க ரெண்டு டிக்கெட்டையும் போன்ல அனுப்பிடறேன்" என்றான். அனந்து சார் காதில் அது விழுந்துவிட்டது. "சொன்னவரே கெளம்பினா என்ன ஓய் அர்த்தம்?" என்று சிரித்தார். கூடவே நாலு பேர் சிரித்தார்கள். நான், "சேச்சே, எல்லாரோடயும்தான் வருவோம்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய முட்டாள்தனம் இது. போட்டிக்கு நிறைய உண்டு, ஆனாலும் இதுதான்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வண்டி நிறுத்துமிடம். அங்கிருந்து உள் அரண்மனை வாசல் இருபது நிமிட நடை. யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டே முக்காலுக்கு வாசல். அங்கே நின்ற பெண்மணி டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைக் காட்டினார், "நோ" என்றார். கார்த்திக் கெஞ்சினான். அனந்து சார், "இந்தியா, இந்தியா" என்றார். அதற்கும் "நோ."

"ஏன் லேட்டாச்சு?" என்று கேட்டாள் வசந்தா. அவளுக்கு அதுவரை தெரியாது; வண்டியில் கேட்டபோதெல்லாம் ஏதோ சொல்லி மழுப்பியிருந்தேன்.

"ராகு காலம்மா" என்றார் அனந்து சார், பெருமையாக. "உங்காத்துக்காரர்தான் ஞாபகப்படுத்தினார்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கார்த்திக்கிடம், "இன்னிக்கு இங்க சூரியன் எப்ப உதிச்சு எப்ப மறையுது?" என்றாள். அவன் போனைப் பார்த்து எட்டேகால், ஏழே முக்கால் என்றான். நோட்டைத் திறந்தாள். பகலை எட்டாகப் பிரித்து, வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கை எடுத்து, தாளைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு போட்டாள். "பத்தரை பன்னண்டுங்கறது ஆறு மணிக்கு விடியற ஊருக்கு. இங்க பன்னண்டு முப்பத்துமூணுக்குத்தான் ஆரம்பம். நீங்க உக்காந்திருந்தது நல்ல நேரம் சார். ராகு காலம் இப்பதான் நடக்குது."

அந்த நோட்டில் அவள் போட்ட ஒரே கணக்கு அது.

அதே டிக்கெட்டில் பழைய கோட்டையும் ஹெனராலிஃபே தோட்டமும் பார்க்கலாம். பார்த்தோம். கோட்டையின் மேலிருந்து ஊர் முழுக்கத் தெரியும், தோட்டத்தில் தண்ணீர் ஓடுகிறது, கட்டாயம் போங்கள். பிறகு அதே வளாகத்தில் கார்லோஸ் மன்னரின் அரண்மனை. வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம், நுழைவு இலவசம். அந்த முற்றத்தின் தூணடியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து புளியோதரைக்குக் காத்திருந்தோம். நான் மூன்று ஜோக் சொன்னேன். மூன்றுக்கும் அனந்து சார்தான் சிரித்தார்.

சனிக்கிழமை கடற்கரைப் பக்கம் பயணம். கிரனாடாவிலிருந்து தெற்கே பதின்மூன்று கிலோமீட்டரில் ஒரு கணவாய். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பெயர்ப்பலகைதான். ஊரைப் பறிகொடுத்த கடைசி முஸ்லிம் ராஜா அங்கே நின்று திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். அவர் அம்மா அதற்கும் திட்டினாளாம். ஒலிபெருக்கியில் கார்த்திக் கதை சொல்லி முடித்ததும், வசந்தா ஒரு நாளைக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"அந்த ராஜா ஒரு படைகிட்டயாவது தோத்தாரு."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உள் அரண்மனை டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்குங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். குழுவோடு போனாலும் உங்கள் டிக்கெட் உங்கள் போனில் இருக்கட்டும். ஊருக்குள் இருந்து C30 பேருந்து நேராக வாசலுக்குப் போகிறது, ஒன்று அறுபதுதான். நல்ல நேரம் பார்ப்பவர்கள் அந்த ஊர் சூரியனை வைத்துப் பாருங்கள். கூட வருகிறவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரைக்காகத் தகவல் சரிபார்க்கும்போதுதான் தெரிந்துகொண்டேன்: அந்த வட்ட முற்றத்தின் பக்கத்திலேயே, கீழ்த்தளத்தில், ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. உள் அரண்மனையின் பழைய டைல்ஸ் சிலவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள், கண்ணுக்கு எட்டும் உயரத்தில். நேரம் போட்ட டிக்கெட் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை திறந்திருக்கும். நாங்கள் உட்கார்ந்திருந்த தூணிலிருந்து சில அடிதான். நீங்கள் தவறாமல் போய்ப் பாருங்கள். வசந்தாவால் பொங்கலிலிருந்து எழுத்துகளைப் படிக்க முடிவதில்லை. நான் எழுதுவதையெல்லாம் நானே வாசித்துக் காட்டுகிறேன். இந்தப் பத்தியை மட்டும் தாண்டிவிட வேண்டும். குரல் மாறாமல் தாண்ட இரண்டு நாளாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.