மூன்று வால் விமானம்

"ஏண்டி, கண்ணு இருக்குதா உனக்கு? மண்ணெண்ணெய ஊத்தி நார வச்சுத் தேய்க்கிற சாமானாடி இது?"

சவரிராயன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. வாசலில் விரித்த சாக்கில் மண்வெட்டி, கடப்பாரை, ஸ்பேனர்களோடு ஏழு விமானங்களும் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளங்கை நீளத்தில் உலோகத்தில் வார்த்தவை. காலையில் அவர் வெளியே கிளம்பும்போது அவற்றுக்கு வெள்ளை முதுகு இருந்தது, நீலமும் சிவப்புமாகக் கோடுகள் இருந்தன, கடுகளவு ஜன்னல்கள் இருந்தன. இப்போது ஏழும் மொட்டையாக மின்னின.

மரக்காணத்தில் ஐப்பசி மழைக்கு உப்பளம் மூடியதும் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலைதான். கருவிகளில் பூத்த உப்பை நாரால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிக் கட்டிவைப்பார்கள். யாரும் தொடாத இடம் என்று கருவிப்பெட்டியின் அடியில் விமானங்களை ஒளித்து வைத்தவர் சவரிராயன். பெட்டியைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தவள் அவர் மனைவி ரோஸ்லின்.

"றெக்கையெல்லாம் வெள்ளையா பூத்திருந்துச்சி. இரும்புன்னா உப்பு தின்னாம விடுமா?"

"இரும்பா? இது இரும்பா? இங்க பாரு, மூணு வாலு. கான்ஸ்டலேஷன்டி! இது கேரவெல், எஞ்சின் ரெண்டும் பின்னாடி. இதுக்கு றெக்கைக்குள்ளயே எஞ்சின், காமெட்டு! உனக்கு எல்லாம் கடப்பாரை!"

ஏழையும் ஒவ்வொன்றாக அவள் முகத்துக்கு நேரே நீட்டி, பெயர் சொல்லிக் கத்தினார்.

"எம்மேல பாயறியே, ஒரு நாளாவது எங்கையில குடுத்து இது இன்னான்னு சொன்னியாய்யா நீ?" என்றாள் அவளும் விடாமல். அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

சென்னை விமான நிலையத்தில் அவருக்கு எட்டு வருஷம் கான்ட்ராக்ட் வேலை. பயணிகள் இறங்கியதும் ஏறி, சீட்டுக்கடியில் கூட்டிப் பெருக்கி, அடுத்தவர்கள் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். ஒருமுறைகூடப் பறந்ததில்லை. பர்மா பஜாரில் தேடித் தேடி, தான் பிறக்குமுன் பறந்த விமானங்களாகப் பார்த்து வாங்கிச் சேர்த்தார். கான்ட்ராக்ட் கைமாறிய அன்று கேட்டிலேயே நிறுத்தி, பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓட்டுகிறார். ஊர் அவருக்கு வைத்த பெயர் பொம்மை சவரி.

பொம்மை இல்லை என்று காட்டத்தான், ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயில் மண்டபத்தில் நடக்கிற, அவரவர் சேகரிப்பை வைக்கிற கண்காட்சியில் ஒரு மேசை கேட்டு வாங்கியிருந்தார். அதற்கு இரண்டு நாள்தான் இருந்தது.

ஞாயிறன்று மொட்டை விமானங்களையே கொண்டுபோனார். ரோஸ்லின் கூப்பிடாமலே பின்னால் வந்தாள். கண்காட்சியைக் கவனித்துக்கொண்ட சகாயராஜ் வாத்தியார் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்பா சவரி, பேரும் இல்ல, பெயின்ட்டும் இல்ல. பிள்ளைங்க பொம்மை வச்சிருக்குற பெஞ்சுல ஓரமா வச்சிடு."

இந்த வார்த்தைக்காகவா எட்டு வருஷம் சேர்த்தோம் என்றிருந்தது சவரிராயனுக்கு. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும்போலிருந்தது.

"சார், அத கீழ வைங்க." ரோஸ்லின் முன்னால் வந்து நின்றாள். "பேரு இல்லன்னா தெரியாதா? மூணு வாலு இருக்குதுல்ல, அது கான்ஸ்டலேஷன். எஞ்சின் பின்னாடி இருந்தா கேரவெல். றெக்கைக்குள்ள இருந்தா காமெட்டு. பெயின்ட்ட உரிச்சவ நான். அதுக்கு எங்கிட்ட பேசுங்க. பொம்மைன்னு சொல்லாதீங்க."

மிச்ச நாலையும் தொட்டுப் பெயர் சொன்னாள். திட்டும்போது அவர் கத்திய ஒரு பெயரையும் அவள் விடவில்லை.

வாத்தியார் கையிலிருந்ததை மேசையில் வைத்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ, "காமெட்டு எது, அக்கா?" என்று கேட்டார்கள். அவள் சுட்டிக் காட்டினாள், சரியாக.

வீட்டுக்குப் போனதும் மறுபடி ஒரு பாட்டம் திட்டவேண்டும் என்றுதான் சவரிராயன் நினைத்திருந்தார். கோபம் அப்படியே இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.