வெள்ளைக் கோட்டு

துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலைக்காக நானும் முன்பின் தெரியாத ஒருவரும் ஒரே பெஞ்சில் காத்திருந்தோம். யுத்த காலம். நிலக்கரிக் கப்பல்களைத் தாண்டி வந்த கடற்காற்றுகூடக் கறுப்பாக இருந்தது. அவருக்கு ஒல்லியான உடம்பு, அதில் தொளதொளத்த வெள்ளைக் கோட்டு. எழும்போதெல்லாம் துண்டால் பெஞ்சைத் துடைத்துவிட்டே மறுபடி உட்காருவார்.

“என்ன அண்ணாச்சி, பெஞ்சு தேய்ஞ்சிரப் போவுது!” என்றேன்.

“நாம கேண்டிடேட்லா? லத்தீன்ல கண்டிதுஸ்னா வெள்ளை. அந்தக் காலத்து ரோமாபுரியில பதவி கேட்டு வாரவன் உடுப்புல சீமைச்சுண்ணாம்பைத் தேச்சு வெளுத்துக்கிட்டு வருவானாம். எங்க மாதா கோயில் சாமியாரு சொன்னாரு” என்று சிரித்தார்.

பெயர் கூப்பிட வந்த தலைமைக் குமாஸ்தா அவர் மார்பையே பார்த்தார்.

“ஏன்வே, நான் வெளுக்கப் போட்ட கோட்டைச் சலவைக்காரன் உமக்கு வாடகைக்கு விட்டானோ? அந்தச் சிப்பிப் பொத்தான் எம் பொண்டாட்டி தச்சதுல்லா!”

வராந்தா முழுக்கச் சிரித்தது.

அவர் எழுந்தார். கோட்டைக் கழற்றினார். உள்ளே கிழிந்த பனியன். பெஞ்சை இன்னொரு தரம் துடைத்து, அந்தத் துண்டையே விரித்து, கோட்டை மடித்து அதன்மேல் வைத்துவிட்டு, கரித்தூசிக்குள் இறங்கி நடந்தார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். என் சொந்தச் சட்டைதான். ஆனாலும் உடம்பெல்லாம் கூசியது.