நான்காவது குமிழ்

தையல் ஆலையின் சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. மற்ற எல்லா இடத்திலும் அவர் 'ஒரிஜினல்'தான். முந்நூற்றுப் பத்துத் தையல் மிஷின்களுக்கும் அவர் ஒருவரே மெக்கானிக். ஒரு திருகு தேய்ந்துபோனால் அதே மாதிரி வேறொன்றைப் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே கம்பெனி, அதே வருஷம், அதே திருகுதான் வேண்டும். ஒரு தடவை அப்படிப்பட்ட ஒரு திருகுக்காக ஒரு வரிசையையே மூன்று நாள் நிறுத்திவைத்தார். அந்த வரிசைப் பெண்கள் மூன்று நாளும் உட்கார்ந்து பேசியதில் இரண்டு பேருக்கு வரன் முடிவானது. நான்காம் நாள் திருகு வந்தது. அதோடு அந்தப் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. "கம்பெனிதான் வேறங்க, மருந்து அதேதான், பயப்படாம சாப்பிடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது சொல்பவள். அவருக்குத் தலைவலி வந்தால் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, வெறும் மாத்திரையாக உள்ளங்கையில் வைப்பாள். இருபத்தாறு வருஷமாக எந்தக் கம்பெனி மாத்திரையை விழுங்குகிறோம் என்று அவருக்கே தெரியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குள் அந்தப் பெட்டி வந்தது.

ஒரு பழைய நடன விடுதியை டயர் கிடங்காக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த மேஜைகள் ஆலைக்கு ஆகுமா என்று பார்க்கப் போன மனிதர், மேஜைகளை மறந்துவிட்டு ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார்.

"என்னங்க இது?"

"கிட்டார் ஆம்ப்ளிஃபயர். பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்டது. அறுபது வருஷத்துக்கு முந்தினது."

"உங்களுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் வாசிப்பாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"பின்பக்கம் திறந்து பாரு. என்ன பண்ணிவெச்சிருக்கான் பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாக்லேட் சுற்றின வெள்ளிக் காகிதம். ஐந்து நிறத்தில் வயர்கள், அவற்றின் முனைகளில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. ஸ்பீக்கர், தெருவில் அறிவிப்புச் செய்கிற வண்டியிலிருந்து வந்தது. முன்பக்கத் துணி யாருடைய வீட்டு ஜன்னல் திரையோ, பூப்போட்டது. மேலே ஒட்டியிருந்தது சோபா ரெக்சின். இவ்வளவுக்கும் நடுவில், பெட்டியின் உள்சுவரில், எந்த வால்வு எங்கே, எந்த வயர் எதற்கு என்று கம்பெனிக்காரன் ஒட்டிய படம் மட்டும் பழுப்பேறி அப்படியே இருந்தது. அவர் அதைப் பிரதி எடுத்துப் படுக்கையறையில் மாட்டினார். அந்தச் சுவரில் அதுவரை கல்யாணப் போட்டோ இருந்தது.

முதல் வாரமே அடி வாங்கினார். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே தொட்டார். அடுத்த நொடி சுவரோரம் கிடந்தார்.

"கரண்ட்டே இல்லாம எப்படிங்க ஷாக் அடிக்கும்?"

"கண்டென்சர். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள பிடிச்சு வெச்சுக்கும்" என்றார் படுத்தபடியே. குரலில் வலியைவிட மரியாதை அதிகமாக இருந்தது.

"எங்கம்மா மாதிரி" என்றாள் அவள்.

அந்தக் கண்டென்சர்கள்தான் அவருடைய முதல் தோல்வி. எல்லாம் வயதாகி ஒழுகிக்கொண்டிருந்தன. அப்படியே விட்டால் பெட்டி புகைந்துவிடும். மாற்றினால் ஒரிஜினல் போச்சு. பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோராம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய தகர உருளையின் அடிப்பக்கத்தை நாசூக்காக வெட்டி, உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, சின்னதாகப் புதுக் கண்டென்சரை உள்ளே வைத்து மூடினார். வெளியே பார்த்தால் அறுபது வருஷப் பழசு. பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட்டை பழசு, மாத்திரை புதுசு. இதைத்தானே நான் இத்தனை வருஷமா சொல்றேன்?"

அவர் உருளையைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

ஆனாலும் விடவில்லை. இரண்டு வருஷம் அலைந்தார். ஸ்பீக்கர் ஒரு கிளப்பின் சாமான் அறையில் மாட்டியது. கறுப்பு ரெக்சினுக்காக மூன்று பெட்டிக்கடைக்காரர்களை, அதாவது பயணப்பெட்டி தைக்கிறவர்களை, எதிரியாக்கிக்கொண்டார். கடைசியில் எல்லாம் முடிந்து, ஒரே ஒரு குறை நின்றது. முன்பக்கத்தில் ஆறு குமிழ் இருக்க வேண்டும். பால் வெள்ளையில், சூட்டுக்கு இளகாத பேக்லைட்டில், கோழி மூக்கு மாதிரி ஒரு பக்கம் நீண்டிருக்கும். ஐந்துதான் இருந்தன. கழற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஊசியால் எண் கீறியிருந்தார்கள். 4 மட்டும் இல்லை. நான்காவது இடத்தில் பற்பசை மூடி இருந்தது.

அவர் போகாத பழைய சாமான் கடை இல்லை. கடைசியில் அது கிடைத்த இடம் எதுவென்றால், மகளை எந்த வீட்டில் கொடுத்திருந்தாரோ அந்த வீட்டுச் சமையலறை.

பேரனின் முதல் பிறந்தநாள். தண்ணீர் குடித்த தம்ளரை வைக்கச் சமையலறைக்குள் போனார். நான்கு வருஷச் சம்பந்தத்தில் அன்றுதான் அந்த அறையைப் பார்க்கிறார். சம்பந்தியம்மா வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுப்பவர். பெரிய ஓவன் ஒன்று இருந்தது. அதன் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற இடத்தில், பால் வெள்ளையில், மூக்கை நீட்டிக்கொண்டு, அது. சுற்றிலும் சிவப்பு நகப்பாலிஷால் புள்ளிகள் வைத்திருந்தது.

"சம்பந்தியம்மா, இந்தக் குமிழ் கொஞ்சம் பழசா இருக்கே. புதுசா ஒண்ணு போட்டுத் தரட்டுமா?" என்றார், ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல.

"அதுல மட்டும் கை வெச்சிடாதீங்க சம்பந்தி. மூக்கு இந்தப் புள்ளிக்கு வந்தா பன்னு, இந்தப் புள்ளிக்கு வந்தா கேக்கு, இங்க வந்தா பிஸ்கட். என் பிழைப்பே அந்த மூக்குலதான் இருக்கு. என் பையனையே தொட விடமாட்டேன்."

மரியாதையான மனுஷன் அத்தோடு விட்டிருப்பார். ஒரிஜினலுக்கு ஒரு மாதம் தூக்கம் போனது. ஆலையில் பட்டன் வார்க்கிற பிரிவில் ஒரு நண்பர் இருந்தார். மிச்சமிருந்த ஐந்தில் ஒன்றை அச்செடுத்து, பட்டன் செய்கிற பிசினையே ஊற்றி, அச்சு அசலாக ஒரு குமிழ் வார்த்துக் கொடுத்தார். அதைத் தேநீரில் ஊறவைத்துக் கொஞ்சம் பழுப்பேற்றினார்கள். எந்த டூப்ளிகேட்டைக் கண்டால் ஆளே மாறிவிடுவாரோ, அதே டூப்ளிகேட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேரனைப் பார்க்கிற சாக்கில் ஒரு ஞாயிறு காலை கிளம்பிவிட்டார் மனிதர்.

எல்லோரும் கூடத்தில் குழந்தை எழுந்து நிற்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சமையலறையில் இருந்தார். முப்பது வருஷ மெக்கானிக் கை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் வரும்போது திருப்பிப் பார்த்தார். அடியில் 4. பக்கத்துச் சீட்டுக்காரர் நகர்ந்து உட்காருகிற அளவுக்குச் சிரித்தார்.

நான்கு நாள் அந்தச் சிரிப்பு நிலைத்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் மகள் வந்தாள். கையில் ரிப்பன் கட்டிய கேக் டப்பா.

"அத்தை கொடுத்தாங்க. உங்ககிட்டதான் கொடுக்கணும்னு சொன்னாங்க."

மனைவி ஆசையாக ரிப்பனைப் பிரித்தாள். உள்ளே கேக் இல்லை. பிசின் குமிழ், சூட்டில் இளகி, மூக்கு தொங்கி, தும்மப் போகிற ஆள் மாதிரி கிடந்தது.

மகள் சொல்லச் சொல்ல அவர் நாற்காலியில் சிறுத்துக்கொண்டே போனார். ஒரு டீச்சர் ஓய்வு பெறுகிற விழாவுக்கு அறுபது சின்ன கேக். குமிழ் இளகித் தண்டில் வழுக்க, திருப்பினபோது மூக்கு மட்டும் கேக் புள்ளிக்கு வந்ததே தவிர, உள்ளே சூடு குறையவே இல்லை. அறுபதும் கரி. பள்ளிக்கூடத்தில் விழாவை மறுநாள் மாலைக்குத் தள்ளியிருந்தார்களாம்.

"அத்தை திட்டினாங்களா?" என்றாள் மனைவி.

"ஒரு வார்த்தை பேசலம்மா. அதான் பயமா இருக்கு."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "டூப்ளிகேட்டு" என்றாள். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அந்த அளவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும், ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, நான்காவது குமிழைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சம்பந்தியம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் சம்பந்தியம்மா."

"தெரியும்."

"அது என் பெட்டியோட குமிழ்தான். அடியில நம்பர் இருக்கு. ரேடியோ ரிப்பேர்க்காரர் யாரோ அங்கேருந்து எடுத்து இங்க போட்டிருக்கணும்."

"ஆமா, போட்டார். இருபத்திரெண்டு வருஷம் முன்னாடி. என் ஓவன்ல இருந்தது உருகிடுச்சு. ஏதோ கிட்டார் பெட்டியில இருந்ததுன்னு சொல்லித்தான் மாட்டினார். பதிலுக்கு என்கிட்ட ஒரு பற்பசை மூடி கேட்டு வாங்கிட்டுப் போனார்." சல்லடையைத் தட்டினார். "உங்க பெட்டிக்கு அது ஒரிஜினலா இருக்கலாம். என் ஓவனுக்கும் இதுதான் ஒரிஜினல். இதை வெச்சுத்தான் என் பையனைப் படிக்கவெச்சேன்."

ஒரிஜினல் அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடினார். அவருக்கே உரிய வாதம், ஓட்டை இல்லை. திருப்புளியை எடுத்தார்.

மாட்டுவதற்கு அரை நிமிஷம். ஆனால் மூக்கு முன்பு எந்தக் கோணத்தில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மயிரிழை தவறினாலும் பன் புள்ளியில் பிஸ்கட் ஆகிவிடும். வேறு வழியில்லை, சுட்டுப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். முதல் தட்டு வேகவில்லை. இரண்டாவது தீய்ந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் குமிழைக் கொஞ்சம் திருப்பி இறுக்குவார்; சம்பந்தியம்மா ஒரு கேக்கைப் பிய்த்து அவர் கையில் கொடுப்பார். "சாப்பிடுங்க. நீங்க பண்ணினதுதான்." ஏழாவது தட்டில் அவர் பெல்ட்டைத் தளர்த்தினார். ஒன்பதாவது தட்டு சரியாக வந்தது. மதியத்துக்குள் அறுபதும் டப்பாவில் ஏறின.

மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது சம்பந்தியம்மா கேட்டார்: "உங்க பெட்டியில இந்த நாலாவது குமிழ் என்ன வேலைதான் பண்ணும்?"

"சத்தத்தை நடுங்கவைக்கும். எவ்வளவு வேகமா நடுங்கணும்னு சொல்றது இது."

"பாட்டு எதுக்கு நடுங்கணும்?"

"தெரியலயே. எனக்கு வாசிக்கத் தெரியாது."

சம்பந்தியம்மா அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மாவுக் கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் வெள்ளையாகிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய், பீரோ பின்னாடி எனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கியே, காலேஜ்ல வாங்கினது, அதைத் தூசி தட்டு. ஞாயித்துக்கிழமை உன் மாமனார் வீட்டுக்குப் போறோம்."

உள்ளே மாப்பிள்ளை எதையோ கீழே போட்டார்.

ஞாயிறு மதியம் எல்லோரும் வந்தார்கள். நான்காவது இடத்தில் அவர் இன்னொரு பிசின் குமிழை மாட்டியிருந்தார். சுவிட்சைப் போட்டார். வால்வுகள் சூடேற அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் அவர் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. உள்ளே செம்மஞ்சளாகச் சின்ன வெளிச்சம். லேசான ஓர் இரைச்சல். மாப்பிள்ளை கிட்டாரில் கையை வைத்தார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மனைவி, கடையிலிருந்து எடுத்துவந்திருந்த பஞ்சைக் காதில் வைக்க ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துக் கொடுத்தாள். சத்தத்தைக் குறைத்ததும் கேட்டது: உருண்டையாக, ஓரமெல்லாம் லேசாகக் கரகரத்து, அலை மாதிரி வந்து வந்து போகிற ஒலி. ஒரிஜினல் பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். படத்தில் வயர் வயராகத் தெரிந்ததெல்லாம் இதற்குத்தானா என்று நினைத்தார்.

மாப்பிள்ளைக்கு மூன்று கார்டுதான் தெரியும். கிட்டாரில் விரல்களை வைக்கிற மூன்று நிலைகள். அதையே சுற்றிச் சுற்றி வாசித்தார். ஐந்தாவது சுற்றில் பார்த்தால், வந்ததிலிருந்து வீட்டையே தலைகீழாக்கிய குழந்தை ஸ்பீக்கர் முன்னால் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டிருந்தது.

மாப்பிள்ளை நிறுத்தினார். குழந்தை சிணுங்கியது.

"நிறுத்தாதீங்க" என்றாள் மகள் கிசுகிசுப்பாக. "மூணு நாளா மதியம் தூங்கவே இல்ல."

மாப்பிள்ளை மறுபடி வாசித்தார். குழந்தை அடங்கியது. பெண்கள் மூவரும் ஓசைப்படாமல் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் சிணுங்கல்.

"மாமா" என்றார் மாப்பிள்ளை, முகம் வியர்த்திருந்தது. "வருஷக்கணக்கா தொடல. விரல் எரியுது. நீங்க கொஞ்சம் பிடிங்க."

"எனக்கு என்ன தெரியும் மாப்பிள்ளை?"

"ஒண்ணே ஒண்ணு போதும். இந்த விரல் இங்க, இது இங்க. மேலேருந்து கீழ ஒரு இழுப்பு. அது நடுங்கி அடங்கினதும் இன்னொண்ணு."

ஒரிஜினல் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை மடியில் வாங்கினார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மிஷினில் ஊசி பொருத்துகிற கவனத்தோடு கம்பியில் வைத்தார். குழந்தையைப் பார்த்தார். இழுத்தார்.