பிரேசில் கதையும் சித்தப்பாவின் டோக்கன் நம்பரும்

பிரேசில் நாட்டுக் கால்பந்துக் கிளப் ஒன்றின் வரலாறு எனக்கு மனப்பாடம். அதன் பெயரை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என் சித்தப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

சித்தப்பாவுக்கு வடக்கே கட்கியில் வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை. என் அப்பாவுக்கு சிஞ்ச்வட்டில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் வேலை. வாடகைக்கு வீடு பிடிக்க வக்கில்லாமல், சித்தப்பாவின் குவார்ட்டர்ஸ் முன்னறையில் நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்தோம். 'கொஞ்ச நாளைக்கு' என்று வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவருடைய கதைகள் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்கும் வேலை எனக்கு.

பிரேசில் உலகக் கோப்பையை ஜெயித்த வருடம் அவருக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. பழைய விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் இந்தக் கிளப்பைப் பற்றிப் படித்துவிட்டு வந்தார். ரியோ நகரத்தில் பெரிய மனிதர்களின் கிளப்புகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். இவர்கள் கறுப்பர்களையும் கூலிவேலைக்காரர்களையும் களத்தில் இறக்கினார்கள். மேல்வரிசைக்கு வந்த முதல் வருடமே கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். மற்றவர்களுக்குப் பொறுக்குமா? தனியாக ஒரு லீக் ஆரம்பித்தார்கள். உங்கள் ஆட்களில் பன்னிரண்டு பேருக்கு ஒழுங்கான உத்தியோகம் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாது, அவர்களை நீக்கிவிட்டு வாருங்கள் என்றார்கள். கிளப்பின் தலைவர் பதில் கடிதம் போட்டார். அவர்களை விட்டுவிட்டு வருவதாக இல்லை, உங்கள் லீக்கே எங்களுக்கு வேண்டாம். இந்த இடம் வந்ததும் சித்தப்பா எழுந்து நிற்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூட எச்சில் கையோடு எழுந்து நிற்பார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைப் பையன்களைக் கூட்டி அவரே ஒரு டீம் அமைத்தார். அந்தக் கிளப்பைப் போலவே கறுப்புச் சட்டை, குறுக்கே வெள்ளைப் பட்டை. பனியன்களைப் பக்கெட்டில் சாயத்தில் முக்கி, பழைய வேட்டியைக் கிழித்துச் சித்தி பட்டை தைத்துக் கொடுத்தாள். கோல்கீப்பர் செல்வம். அவனுக்கு அப்பா கிடையாது. அவன் அம்மா ஒரு ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் தெருக்களைக் கூட்டினாள். பின்னால் நாலா என்கிற சாக்கடை ஓடைக்குப் பக்கத்தில் தகரக் குடிசையில் இருந்தார்கள். பந்தை அவன் பிடித்தால் சத்தமே வராது. நான் அவனுக்கு மாற்று ஆள், அதாவது தண்ணீர் பாட்டிலுக்குக் காவல்.

மழைக்காலத்தில் குவார்ட்டர்ஸ் கமிட்டி ஒரு போட்டி வைத்தது. ஃபாரத்தில் ஒவ்வொரு பையனின் பெயருக்கு எதிரேயும் அவன் அப்பாவின் டோக்கன் நம்பரை எழுதவேண்டும். ஃபாக்டரியில் ஆளுக்கு ஒரு நம்பர், அது பொறித்த ஒரு பித்தளை வில்லை. அதைக் கேட்டில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். குவார்ட்டர்ஸில் ஆஸ்பத்திரிச் சீட்டு முதல் கல்யாண மண்டபம் வரை நம்பரைத்தான் கேட்பார்கள், பெயரை அப்புறம்தான் கேட்பார்கள்.

கமிட்டிச் செயலாளர் சித்தப்பாவின் செக்ஷனில் சூப்பர்வைசர். ஃபாரத்தைப் பார்த்தார். செல்வத்தின் பெயருக்கு எதிரே இருந்த காலி இடத்தில் விரலை வைத்தார். ஒப்பந்தக் கூலிக்கு நம்பர் ஏது என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதோ சித்தப்பா எழுந்து நிற்கப்போகிறார், உங்கள் போட்டியே வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. பேனாவை வாங்கிச் செல்வத்தின் பெயரை அடித்தார். அதற்கு மேலே என் பெயரை எழுதினார். எதிரே தன் டோக்கன் நம்பரைப் போட்டார்.

"மேரா பேட்டா, சாப்" என்று என்னைத் தன் பிள்ளையாக்கினார்.

சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை என்பது செயலாளருக்கு நன்றாகத் தெரியும். சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று சாயங்காலமே செல்வத்தின் குடிசைக்குச் சட்டையை வாங்கிவர ஓடினேன். அவன் மடித்துக் கொடுத்தான். அவன் அம்மா மட்டும், "சாயம் போவும்டா, உப்புத் தண்ணியில ஒரு தரம் அலசிட்டுப் போட்டுக்க" என்றாள். நான் அலசவில்லை. மறுநாள் மழையில் ஆறு கோல் வாங்கினேன். சாயம் இறங்கி என் வயிறெல்லாம் கறுப்பு, வெள்ளைப் பட்டை அழுக்குத் துணியாகிவிட்டது. அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, நான் மனம் தளரக்கூடாது என்று சித்தப்பா திரும்பவும் பிரேசில் கதையைச் சொன்னார். அந்த இடம் வந்ததும் எழுந்து நின்றார். நான் கைதட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சித்தப்பா ரிடையராகி இப்போது சாங்வியில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு இருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது என் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே கதை. முட்டிவலி வேறு. சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் எழுந்து நின்றார். இத்தனை வருடமாக அடக்கி வைத்திருந்தது எனக்குப் பொங்கிவிட்டது. செல்வத்தை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். எந்தச் செல்வம் என்றார். சொன்னேன். மகன் முன்னால், சித்தி முன்னால், குரலை உயர்த்தித்தான் சொன்னேன். பொய் சொல்லத் துணிந்தவர் ஒரு பிள்ளைக்குப் பதிலாக இரண்டு பிள்ளை என்று சொல்லியிருக்கலாமே, அதே நம்பரை இன்னொரு வரியில் எழுத எவ்வளவு மை செலவாகியிருக்கும் என்று கேட்டேன்.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "அவன் வந்து கேக்கவே இல்லியேடா" என்றார்.



செல்வம் கேட்டான். சட்டையைக் கொடுத்த சாயங்காலம் குடிசை வாசல் வரை என்னோடு வந்து, "உனக்கு இன்னா நம்பர்டா போட்டாரு?" என்று கேட்டான். சித்தப்பா நம்பர் என்று பெருமையாகச் சொன்னேன். "அதையே எனக்கும் போடச் சொல்றியா?" என்றான்.

"நீ என்ன எங்க வீட்டுப் புள்ளயா?" என்றேன்.

 நான் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அது எங்கள் வீடு இல்லை, அந்த நம்பர் என் அப்பாவுடையதும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.