இடது பக்கத்தை வழியனுப்புதல்

மொழிபெயர்ப்பாளரின் கதிரை வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருக்கக் கூடாது. அரை அடி பின்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் உங்களைப் பார்த்தே பேசத் தொடங்கிவிடுவார்கள். சிங்களம் பேசும் வைத்தியர்களுக்கும் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கும் இடையே, ஹட்டன் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாக அந்த அரை அடி பின்னால் அமர்ந்திருக்கிறேன். என்னைப் போல வாயை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

இந்த வருடம் என் இடது மார்பகத்தில் புற்றுநோய் என்றார்கள். முழுவதுமாக எடுத்துவிட ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஒரு கேள்விதான், தொழில் பழக்கத்தால், என்னை அதிகம் குடைந்தது: இத்தனை காலம் உடனிருந்த ஒன்றிடம் விடைபெறும்போது என்ன வசனம் சொல்ல வேண்டும்? எனக்கு முன்னால் அதே கதவு வழியாகப் போன பெண்களிடம் பதில் இருக்கக்கூடும் என்று என் பழைய குறிப்புப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். பெயர்களை விட்டுவிடுகிறேன், அதுவும் எங்கள் வேலையின் விதி.

எந்தக் கோட்டில்?

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். டிக்கோயாவிலிருந்து வந்த ஓர் அம்மா, "நெஞ்சுல கட்டியா இருக்கு" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் வைத்தியர் ஆண்; பக்கத்தில் அந்த அம்மாவின் கணவர்; எனக்கு வயது இருபத்தேழு. மார்பகத்துக்குச் சிங்களத்தில் 'பியயுரு' என்று ஒரு சொல் உண்டு. பரீட்சைக்குப் படித்துப் புள்ளியும் வாங்கிய சொல்தான், அன்று வாய்க்கு வரவில்லை. 'பப்புவ' என்றேன். அது வெறும் நெஞ்சு. கட்டி என்பதையும் இறுக்கம் என்பதுபோலப் பூசி மெழுகினேன். வைத்தியர் இதயத்தைப் பரிசோதிக்க அனுப்பிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தார். இதயத் துடிப்பு பதிந்த நீளக் கடதாசியை என் மடியில் விரித்துவைத்துச் சொன்னார்: "கோடெல்லாம் நல்லா இருக்காம் மிஸ். என் கட்டி இதுல எந்தக் கோட்டுல இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

துணைக்கு இருந்தது

காது சூடேற, அன்றே அதே வைத்தியரிடம் சரியான சொல்லைச் சொன்னேன். அந்த அம்மாவும் சரியான அறைக்குப் போனார். அதன் பிறகுதான் பெண்கள் அதை எப்படியெல்லாம் குறிப்பிடுகிறார்கள் என்று எழுதிவைக்கத் தொடங்கினேன். மாரு, மேலு, பாச்சி, பால் குடுத்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக, 'அது'. சொந்த உடம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதை 'இது' என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. இலக்கணம் படித்தவளுக்கு இது வியப்பாக இருந்தது.

கொத்மலையிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், வலமா இடமா என்று மூன்று முறை கேட்டேன். வைத்தியர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், இதைக் கூடவா விளக்க வேண்டும் என்ற முகத்தோடு சொன்னார்: "மூணு பிள்ளைகளும் குடிச்ச பக்கம் மிஸ். மத்தது சும்மா தொணைக்குத்தான் இருந்துச்சு."

போகிறவர் யார்?

விடைபெறும்போது நாங்கள் 'போயிட்டு வர்றேன்' என்கிறோம். சிங்களத்தில் 'கிஹின் என்னங்' என்பார்கள். அதற்கும் போய் வருகிறேன் என்றே பொருள். இரண்டு மொழிகளை வைத்துச் சோறு தின்பவளுக்கு, திரும்பி வராத பயணத்துக்கு இரண்டிலும் ஒரு வசனம் இல்லை என்பது இந்த வயதில்தான் உறைத்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை, பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். அப்படியானால் என் இடது பக்கத்திடம் சொன்னால் பொய். சொல்லாவிட்டால் என் உடம்பே சாவு வீடு.

இந்தச் சிக்கலைச் சில வருடங்களுக்கு முன்பே ஒருவர் அவிழ்த்திருந்ததைக் குறிப்பில் கண்டேன். வலப்பனைப் பக்கத்தில் கொழுந்து பறிப்பவர். வெட்டியெடுக்கப் போவதைத் தன்னிடம் தருவீர்களா என்று என் வழியாக வைத்தியரைக் கேட்டார். பிள்ளை பிறந்தபோது நஞ்சுக்கொடியை லயத்து வீட்டுக்குப் பின்னால் புதைத்ததுபோல இதையும் புதைக்க வேண்டுமாம். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், தர முடியாது என்று வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பெண் கழிவறை எங்கே என்று கேட்டுப் போய், பத்து நிமிடம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். "அதுகிட்ட சொல்லிக்கிட்டு வந்தேன்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் சொந்தமாகக் கேள்வி கேட்கக் கூடாது. நான் கேட்டேன். "என்னன்னு சொன்னீங்க? போயிட்டு வர்றேன்னா?" அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "வர்றேன்னு எப்புடி மிஸ் பொய் சொல்றது? அது இங்கதானே இருக்கப் போவுது, வீட்டுக்குப் போறவ நான்தானே. 'நான் போறேன், நீ இரு'ன்னு சொன்னேன்."

நீயா, நீங்களா?

வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவர். இருவருக்கும் மறுநாள் ஒரே சத்திரசிகிச்சை. ஒருவர் தோட்டத் தொழிலாளி. மற்றவர் பாலர் பாடசாலை ஆசிரியை. சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்ட நான் போனபோது தொழிலாளி தன் சட்டைக்குள் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்: "நல்லா செஞ்ச நீ எனக்கு. போடி. போய்த் தொலை."

ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, ரெண்டு உசுர வளத்து விட்டது. அதப் போயி போடிங்கிறீங்களே. நான் நேத்து ராத்திரி நீங்கன்னுதான் பேசினேன்" என்றார். தீர்ப்புக் கேட்டு இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்களுக்கு அபிப்பிராயம் சொல்ல அனுமதியில்லை என்று படிவத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தொழிலாளி விடவில்லை: "மூணாவது உசுர எடுக்கப் பாத்துச்சே, அதுக்கு வாங்க போங்கன்னு வேற சொல்லணுமாக்கும்?"

இரண்டு கையெழுத்து

புதன்கிழமை நானே அந்த வாட்டில் சேர்ந்தேன். வைத்தியர் எந்தப் பக்கம் என்று சிங்களத்தில் கேட்டார். எத்தனையோ முறை சொன்ன சொல்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னால் 'இவருடைய' என்று போட்டுப் பழகிய நாக்கு. 'இவருடைய இடது...' என்று தொடங்கிவிட்டேன். வைத்தியர் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். 'என்னுடைய' என்று திருத்தினேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

பிறகு சம்மதப் படிவம். மேலே நோயாளி கையெழுத்திட வேண்டும். கீழே, நோயாளிக்கு விளங்கும் மொழியில் விளக்கினேன் என்று மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட வேண்டும். பழக்கதோஷத்தில் இரண்டிலும் நானே கையெழுத்திட்டேன். சிற்றூழியர் சீலா பார்க்க வந்திருந்தார். என்னோடு பதினைந்து வருடம் வேலை செய்த சிங்களப் பெண். தமிழை எங்களைப் போலவே பேசுவார். அந்த வாரம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கடமை. படிவத்தை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நோயாளிக்கு விளங்கிச்சான்னு நல்லாக் கேட்டீங்களா மிஸ்?"

வியாழக்கிழமை

காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு வாளி வெந்நீருக்குப் பக்கத்தில் நின்றேன். குனிந்து பார்த்தேன். பயாப்சி ஊசி போட்ட இடத்தில் நீலம் இன்னும் ஆறவில்லை. வலதைவிட இது சற்றே தாழ்ந்திருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். நாற்பத்தொன்பது வயதுவரை ஒரு தரமும் நேராகப் பார்த்ததில்லை. வலப்பனைப் பெண்ணின் வசனம் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அது அவருடையது. அடுத்தவர் வசனத்தைச் சொல்வது என் தொழில். அன்று ஒரு நாளாவது தொழில் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். 'போடி' எனக்கு வராது. நீயா நீங்களா என்பதே இன்னும் தீரவில்லை. அதற்குள், "உள்ள யாரு, எவ்வளவு நேரம்?" என்று யாரோ கதவைத் தட்டினார்கள். ஒன்றும் சொல்லாமலே, சாவு வீட்டிலிருந்து வருவதுபோல, வெளியே வந்தேன்.

கண்விழித்தபோது இடது பக்கத்தில் தட்டையாக ஒரு கட்டு இருந்தது. வலியைவிட, சொல்லாமல் விட்டுவிட்டோமே என்பதுதான் முதலில் உறைத்தது. சீலா கட்டிலருகே நின்றார். என் முகத்தைப் பார்த்தே விடயம் விளங்கிவிட்டது போல. போர்வையை இழுத்துவிட்டபடி சொன்னார்: "மயக்க ஊசி ஏறுறப்ப அது மேல கைய வச்சுக்கிட்டு, 'போயிட்டு வாங்க'ன்னு மரியாதையாச் சொன்னீங்க மிஸ். அப்புறம் 'கிஹின் என்ன'ன்னு சிங்களத்துலயும் அதையே சொன்னீங்க. அதுக்குத் தமிழ் தெரியுந்தானே, மொதத் தடவையே வெளங்கியிருக்கும்."

இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வசனங்களையே சுமந்தவள், சொந்தமாகச் சொன்ன ஒரே வசனத்தையும் மொழிபெயர்க்காமல் விடவில்லை. அதிலிருந்த 'வாங்க' என்ற பொருட்பிழையைத் திருத்தும் எண்ணமும் அவளுக்கு இல்லை.